சில்லறை மிச்சத்துக்கு எஞ்சினைப் பறிகொடுப்பதா?

அரியலூர் சுற்று வட்டாரத்தில் லாரி ஓடாத ரோடு இல்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி, சிமெண்டு ஏற்றுகிற லாரி என்று இரவு பகலாக ஓட்டம். பெரம்பலூர் வழியாகப் போகும் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையிலும் இதே கதைதான். பத்து, இருபது லாரி வைத்திருக்கும் பெரிய ஆட்களும் இதில் உண்டு. நகையை விற்று, கடன் வாங்கி, ஒரே ஒரு லாரி எடுத்துத் தானே ஸ்டியரிங் பிடிப்பவர்களும் உண்டு. எஞ்சினில் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்று இந்த ஒற்றை லாரிக்காரரின் வாரண்டிக்கு உலை வைக்கிறது.

"அண்ணே, மாட்டிப் பாருங்க. இழுவை கூடும். யூரியா தண்ணியும் ஊத்த வேணாம்!"

இப்படித்தான் ஆசை காட்டுகிறார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் புது லாரிகள் எல்லாம் பி.எஸ். 6 வண்டிகள். புகையில் உள்ள நைட்ரஜன் நச்சை முறிக்க இவற்றில் பலவற்றுக்கு யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் பிடிக்கும். ஊற்றாவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். ஏற்கனவே டீசல், டோல், டயர், தவணை என்று விழி பிதுங்கும் லாரிக்காரருக்கு இது இன்னொரு செலவு. மறுப்பதற்கில்லை.

பெட்டி என்ன செய்கிறது? பொய் சொல்கிறது! யூரியா இறங்காமலே "இறங்குகிறது" என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கிறது. இழுவை கூட்டும் பெட்டி வேறு ரகம். டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லும். அதை நம்பி எஞ்சின் கூடுதல் டீசலை அடிக்கும். வண்டி பாய்கிறதே என்று டிரைவருக்கு சந்தோஷம்தான். ஆனால் சூடு ஏறும். டர்போ, பிஸ்டன், ஹெட் கேஸ்கட், கிளட்ச் எல்லாம் அடி வாங்கும். ஓவர்லோடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். யூரியா பைப்போ உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும்.

கழற்றினாலும் தப்ப முடியாது

எஞ்சின் நின்றதும் பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஷோரூமுக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போகிறவர்கள் உண்டு. அங்கே ஒயரைச் சொருகினால் குட்டு உடைந்துவிடும். எப்போது என்ன கோளாறு வந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். உள்ளே இருக்கும் புரோகிராம் மாற்றப்பட்டிருந்தால் கம்பெனி கணக்கோடு ஒத்துப்போகாது. 6 ஆண்டு, 6 லட்சம் கிலோமீட்டர் என்றெல்லாம் வாரண்டி கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. எஞ்சினுக்கு அந்த வாரண்டி அன்றோடு போச்சு! பெட்டியை மாட்டிவிட்ட ஆளிடம் போய்க் கேட்கலாம் என்றால், பில்லாவது கொடுத்திருக்கிறாரா?

எஞ்சின் செய்கிற கம்பெனியே இந்தத் தில்லுமுல்லில் சிக்கியிருக்கிறது. பிக்கப் வண்டி எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் ஏற்பாட்டை வைத்ததாக அமெரிக்க அரசு பிடித்ததில், கம்மின்ஸ் கம்பெனி 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டதாக 2023 டிசம்பரில் அறிவிப்பு வந்தது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் ஓனருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் யார் பார்க்கிறார்கள்? டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் பார்ப்பது புகையின் கருப்பைத்தான். நைட்ரஜன் நச்சு அதில் தெரியாது. பெட்டி மாட்டிய லாரியும் ஜம்மென்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடும். நச்சுப் புகையைக் குடிப்பவர்கள் ரோட்டோரத்து ஊர்க்காரர்கள்.

ஷோரூமும் கை விரிக்கக் கூடாது

இதற்காக ஷோரூம்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. பெட்டி மாட்டியதால் பிஸ்டன் போனது என்றால் நியாயம் உண்டு. அதே சாக்கில் ஸ்டியரிங் கோளாறுக்கும் கை விரித்தால்? "வாரண்டி கிடையாது, போய்யா" என்று வாயால் சொல்லி அனுப்புவது என்ன முறை? எந்தப் பாகம் போனது, எதனால் போனது, கம்ப்யூட்டரில் என்ன பதிவாகி இருக்கிறது என்று ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். லாரிக்காரரும் அதைக் கேட்டு வாங்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்றால் நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு நிற்காது என்று பயமுறுத்துவார்கள். பல லாரி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். தன் பிழைப்புக்காக ஒரு லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவருக்கு 2019-ம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தாராளமாகப் போகலாம். போகும்போது கையில் அந்த ஜாப் கார்டு வேண்டும். வண்டியில் அந்தப் பெட்டி ஏறியே இருக்கக் கூடாது.