100 யூனிட் இலவசம் எங்கே போகுது? மொட்டை மாடியைப் பாருங்க!

மே மாசம் பிறந்தா போதும், டிவியில ஒரே பேச்சு: "மின் தேவை புதிய உச்சம்!" நாலு பேர் உட்கார்ந்து ஏசிதான் காரணம்னு பேசி முடிச்சுட்டு எழுந்து போயிடுறாங்க. ஏசியே இல்லாத வீட்டைப் பத்திப் பேச அங்க ஆள் இல்லை.

கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம், புளியந்தோப்பு, வியாசர்பாடி... நம்ம தோழர்கள் பாதிப் பேர் இந்த அடுக்குமாடிகள்லதான் இருக்கீங்க. அதுலயும் கடைசி மாடியில இருக்கிறவங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயில் குடிச்ச கான்கிரீட், ராத்திரி 11 மணிக்கு மேலயும் சூட்டைக் கீழே இறக்கிக்கிட்டே இருக்கும். ஃபேன் சுத்தும், ஆனா சுடு காத்துதான் வரும். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்கப் பார்க்கிற தூய்மைப் பணியாளருக்கு, வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிற அக்காவுக்கு, கைக்குழந்தைக்காரிக்கு இது மூணு மாசத் தண்டனை.

இப்ப ஒரு கணக்கு பார்ப்போம். பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு சுமார் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினா ஒன்றரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 90 யூனிட். ஒரே ஒரு ஃபேன்! 2016லிருந்து நமக்குக் கிடைக்கிற இரண்டு மாத இலவச 100 யூனிட்டை கிட்டத்தட்ட அந்த ஒரு ஃபேனே சாப்பிட்டு முடிச்சுடுது. டியூப்லைட், டிவி, மிக்சி, ஃபிரிட்ஜ், இன்னொரு அறை ஃபேன் எல்லாம் அதுக்கு மேல. அதெல்லாம் காசு.

அதே இடத்துல பிஎல்டிசி ஃபேன் மாட்டினா சுமார் 30 வாட்தான். அதே 20 மணி நேரம், அதே 60 நாள்: 36 யூனிட். ரெண்டு ஃபேன் ஓட்டினாலும் 72 யூனிட், இலவசத்துக்குள்ளயே அடங்கிடும். அப்ப ஏன் எல்லாரும் வாங்கலை? கடையில சாதா ஃபேனைவிட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூட. தினக்கூலி வாங்குற வீட்டுல அந்த ஆயிரத்து ஐந்நூறு முதல்ல வேற இடத்துக்குப் போகும். அவங்களுக்கு விவரம் தெரியலைன்னு சொல்றது அநியாயம். கையில காசு இல்லை, அவ்வளவுதான்.

இலவச மின்சாரத்தை நிறுத்துன்னு கூவுற கூட்டத்துல நாம என்னைக்கும் இல்லை. அது ஏழை வீட்டு விளக்கு. ஆனா ஒண்ணை யோசிக்கணும். நமக்கு இலவசம்னா மின்வாரியத்துக்கு அந்தப் பணத்தை அரசு மானியமாக் கட்டுது. வருஷா வருஷம், நம்ம வரிப்பணத்துல. கட்டடமே உண்டாக்கின சூட்டை விரட்ட ஃபேன் ஓடுது, அந்த ஃபேனுக்கு அரசு பணம் கட்டுது. ஒரே ஒரு தடவை கூரைக்கும் ஃபேனுக்கும் செலவு பண்ணிட்டா அந்தக் குடும்பத்துக்கும் மிச்சம், கஜானாவுக்கும் மிச்சம். இதுல யாருக்கு நஷ்டம்னு கேட்டா பதில் சொல்ல ஆள் கிடையாது.

"மொத்தமா வாங்கிக் கொடுக்கிறது சாத்தியமா?"ன்னு கேட்பாங்க. எல்இடி பல்புல நடந்ததைப் பாருங்க. ஒன்றிய அரசு நிறுவனமான இஇஎஸ்எல் 2014ல ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் பண்ணுச்சு. கோடிக்கணக்குல மொத்தமா டெண்டர் விட்டதும் 2016ல அதே பல்பு 38 ரூபாய்க்கு வந்துடுச்சு. நம்ம மாநிலத்துக்கும் இது புதுசா என்ன? 2011ல விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறின்னு வீடு வீடா கொண்டுபோய்ச் சேர்த்த நிர்வாகம் இது. கொடுக்கிற வழி தெரியும். என்ன ஃபேன் கொடுக்கிறோம்ங்கிறதுலதான் இந்த முறை கவனம் வேணும்.

ஃபேன் பாதிக் கதைதான். மீதிக் கதை மாடியில இருக்கு.

வெறும் சிமெண்ட் தளம் வெயிலோட பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கும். நல்ல வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். இதுல ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை. நம்ம தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டுல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுத் தளம் போட்டாங்க, மேல தட்டோடு பதிச்சாங்க. இப்பவும் சென்னையில நிறைய பேர் சுண்ணாம்புல ஃபெவிகால் கலந்து மாடியில அடிக்கிறதைப் பார்க்கலாம். ஒரு கோடைக்குத் தாங்கும், அடுத்த மழையில கரைஞ்சு போகும். அடுத்த வருஷம் மறுபடி செலவு. சிலர் கீற்றுக் கொட்டகை போடுறாங்க. ஒரு தீப்பொறி போதும், சொல்லவே பயமா இருக்கு.

ஒழுகுற மாடியில வெள்ளை மட்டும் அடிச்சுட்டுப் போனா அது போட்டோவுக்குத்தான். முதல்ல விரிசலை அடைச்சு நீர்க்கசிவை நிறுத்தணும், அப்புறம்தான் வெப்பத்தைத் திருப்புற பூச்சோ வெள்ளை ஓடோ. தூசி படிஞ்சா வேலை செய்யாது, அதனால வருஷம் ஒரு தடவை கழுவணும், சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்கணும். இதையெல்லாம் சேர்த்துத்தான் டெண்டர் போடணும். ரிப்பன் வெட்டுற அன்னைக்கு வெளுப்பா இருந்து, மறு வருஷம் கறுத்துப் போற வேலை நமக்கு வேண்டாம்.

"மேல் மாடிக்காரங்களுக்குத்தானே லாபம், நாங்க ஏன் காசு போடணும்?" அடுக்குமாடியில இந்தப் பேச்சு கட்டாயம் வரும். கீழ்வீட்டு அண்ணனைக் குறை சொல்ல முடியாது, அவர் கையிலயும் காசு இல்லை. அதனாலதான் இது சங்கத்துல தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி முடிக்கிற வேலை இல்லைன்னு சொல்றோம். வாரியக் குடியிருப்புல தளத்தைக் கட்டினது வாரியம். குடியிருப்போர் சங்கம் அமைக்கச் சொல்லி "நம் குடியிருப்பு நம் பொறுப்பு"ன்னு திட்டம் கொண்டு வந்தாங்க, நல்லது. படிக்கட்டைப் பெருக்குறது நம்ம பொறுப்பு, ஒத்துக்கிறோம். கட்டும்போதே உள்ளே வெச்சுக் கட்டின சூட்டுக்கும் நாமதான் பொறுப்பா?

கீழ் மாடிகளுக்கும் செய்ய வேண்டியது இருக்கு. மேற்குப் பார்த்த சுவர் மத்தியானம் 2 மணிக்கு மேல அடுப்பு மாதிரி ஆயிடும். ஜன்னலுக்கு மேல அகலமா சன்ஷேடு, மேற்குச் சுவருக்கு வெளிர் நிறப் பூச்சு, கொசுவலை போட்டுத் திறந்து வைக்கிற மாதிரி ஜன்னல். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடினா காத்துக்கு ஃபேன் மட்டும்தானே கதி? பட்டப்பகல்ல எரியிற படிக்கட்டு விளக்கு, தொட்டி நிரம்பி வழியிற வரைக்கும் ஓடுற மோட்டார், இதெல்லாம் ஒரு சின்ன தானியங்கி சுவிட்சுல தீர்ற விஷயம்.

அந்தப் பொது மின்சாரத்துக்கும் ஒரு கதை இருக்கு. 2022 கட்டண மாற்றத்துல அடுக்குமாடிகளோட பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் ஆக்கினாங்க. எதிர்ப்பு கிளம்பின பிறகு 2023 அக்டோபர்ல 5 ரூபாய் 50 காசா குறைச்சாங்க. யாருக்கு? 10 வீட்டுக்குள்ள, 3 மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு மட்டும். புறநகர்ல லோன் போட்டு 450, 500 சதுர அடி வாங்கி, 5 மாடிக் கட்டடத்துல லிஃப்ட் வெச்சிருக்கிற நடுத்தரக் குடும்பம் இந்தச் சலுகைக்கு வெளியே. லிஃப்ட் இருந்தா பணக்காரன்னு எந்த அதிகாரி முடிவு பண்ணினாரோ தெரியலை. அதே வீட்டுல வயசான அம்மாவுக்காக ஒரு சின்ன ஏசி போட்டு, ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டிட்டா, 501வது யூனிட்டுக்கு மட்டுமில்ல, கீழ் அடுக்கு யூனிட்டுக்கும் ரேட் ஏறிடும். கூரை சூட்டைக் குறைச்சா அந்தக் கோட்டைத் தாண்டாம இருக்க வாய்ப்பு கூடும்.

சட்டம் எங்க இருக்குன்னு பார்த்தா, ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு ஒண்ணு 2018ல வந்துச்சு. கூரை வழியா எவ்வளவு வெப்பம் இறங்கலாம்னு அதுல வரம்பே இருக்கு. ஆனா புதுசா கட்டுற கட்டடத்துக்கு. நம்ம அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர் சம்மதிச்சா இடிச்சுக் கட்டலாம்னு வழி சொல்லுது. புதுசா கட்டவும் விதி இருக்கு, இடிக்கவும் வழி இருக்கு. நடுவுல இப்ப நின்னுக்கிட்டிருக்கிற லட்சக்கணக்கான வீட்டை என்ன பண்றதுன்னு கேட்டா சத்தமே இல்லை.

தெலங்கானா 2023ல குளிர் கூரைக்குன்னே தனிக் கொள்கை அறிவிச்சுது. அகமதாபாத் மாநகராட்சி 2013லயே வெப்பச் செயல் திட்டம் போட்டு, அப்புறம் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கிற வேலையையும் ஆரம்பிச்சுது. பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல 1960கள்ல கட்டின அரசு அடுக்குமாடி, 530 வீடு. இடிக்காம, குடியிருந்தவங்களை வெளியே அனுப்பாம, முகப்பை மாத்தி வீட்டைப் பெரிசாக்கி, எரிசக்திச் செலவையும் குறைச்சுக் கொடுத்தாங்க. 2019ல அதுக்கு ஐரோப்பாவோட பெரிய கட்டடக்கலை விருது கிடைச்சுது. அங்க பிரச்சனை குளிர், இங்க வெயில். ஆனா ஆளைக் கிளப்பாம கட்டடத்தைச் சரி பண்ணலாம்ங்கிறது ரெண்டு ஊருக்கும் பொது. இடம் மாத்தி மாத்தியே ஓய்ஞ்சுபோன நம்ம மக்களுக்கு அதோட அருமை புரியும்.

சோலார் போடலாமேன்னு சிலர் கேட்பீங்க. தாராளமா போடலாம். குடியிருப்போர் சங்கங்களோட பொதுப் பயன்பாட்டுக்கு ஒன்றிய அரசு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருது. ஆனா ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைக்கணும். கூரை, ஃபேன், அப்புறம் சோலார். வரிசை இதுதான்.

2020ல கண்ணகி நகர் சுவர்கள்ல பெரிய பெரிய ஓவியம் வரைஞ்சாங்க. அழகா இருந்துச்சு, நாமளும் ஷேர் பண்ணினோம். அந்த ஓவியம் இருக்கிற கட்டடத்தோட மாடித் தளம் சாம்பல் நிறத்துலயேதான் காயுது. கொஞ்ச தூரம் தள்ளி ஓஎம்ஆர்ல கண்ணாடிக் கட்டடங்கள் பசுமைச் சான்றிதழ் மாட்டி வெச்சிருக்கு. அந்தக் கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கிறவங்க சாயங்காலம் திரும்பி வர்றது இந்த மாடிக்குக் கீழேதான்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு தமிழ்நாடு அரசே 2024ல அறிவிச்சிருக்கு. வெயில்ல செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம். உயிரோட இருக்கிறவங்க தலைக்கு மேல இருக்கிற கூரைக்கு எவ்வளவு?

தோழர்களே, இதை லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. ஒவ்வொரு பிளாக்குலயும் ரெண்டு வீட்டு மின் பில்லை எடுங்க. ஒண்ணு கடைசி மாடி, இன்னொண்ணு நடு மாடி, ஏறக்குறைய ஒரே அளவு குடும்பமா இருக்கட்டும். கோடைக்கால பில், மழைக்கால பில் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு போட்டோ எடுங்க. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு அதை எடுத்துட்டுப் போய் கவுன்சிலர் கையில கொடுங்க. மனு நாலு வரி போதும்: எங்கள் கட்டடத்தின் மாடித் தளத்தில் நீர்க்கசிவைச் சரிசெய்து வெப்பத் தடுப்புப் பூச்சு அடித்துத் தரவும், பழைய ஃபேனுக்குப் பதிலாக மின்சாரம் குறைவாக இழுக்கும் ஃபேன் தரவும், கடைசி மாடி வீடுகளில் தொடங்கவும், பராமரிப்புச் செலவை வாரியமே ஏற்கவும். பிளாக் எண்ணையும் மாடி எண்ணையும் எழுத மறக்காதீங்க. பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வாங்காம திரும்பி வராதீங்க.