முள்ளெலிக்குத் திராட்சை வேண்டாம்

"பழம் இயற்கை உணவு, எவ்வளவு கொடுத்தாலும் கெடுதலில்லை" என்கிறார் அசோக் நகர் நண்பர். அங்குள்ள அசோக் தூண் அருகே வண்டியில் வாங்கிய திராட்சையைத் தன் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலிக்குக் கொத்தாக வைக்கிறார். இதை நான் ஏற்கவே மாட்டேன்.

முள்ளெலி முதன்மையாகப் பூச்சி தின்னி. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து முள்ளெலியும் இரவில் வண்டும் கரையானும் தேடித்தான் அலைகிறது. (அதைப் பிடித்து வந்து வளர்க்க நினைக்கவே கூடாது.) முள்ளில் பழம் குத்திச் சுமக்கும் படம் குழந்தைப் புத்தகங்களில் இருக்கிறதே என்பார்கள். ரோமானியர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த கட்டுக்கதை அது.

வளர்ப்பு முள்ளெலி பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. கூண்டில் ஓட்டமும் குறைவு. பழத்தின் மிகுதிச் சர்க்கரை கொழுப்பாகும். உருண்டையாகச் சுருளக்கூட முடியாமல் போகும். பல்லும் கெடும்.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், தோலும் விதையும் நீக்கிய ஆப்பிளோ பப்பாளியோ பட்டாணி அளவு. மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். சென்னை வெக்கையில் புளித்துவிடும். திராட்சை, உலர்திராட்சை, வெண்ணெய்ப்பழம், எலுமிச்சை, ஆரஞ்சு கூடவே கூடாது. பாலும் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும்.

ஆசையாகத் தின்கிறதே என்கிறார். தின்னும்தான். அளவு பார்க்க வேண்டியவர் அவர்.