ஜாடியும் சாமான் பட்டியலும்

பரணில் கிடந்த பழைய ஜாடி கோடிக்கணக்கில் விலை போனது என்று பத்திரிகையில் வந்தால் ஆவலோடு படிக்கிறோம். "நம் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறதோ!" என்று சிரித்துக்கொள்கிறோம். எனக்கு அந்தச் செய்திகளில் விலையைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது.

2018இல் பிரான்சில் ஒரு குடும்பத்தினர், பரணில் கிடந்த சீனப் பூச்சாடியைச் செருப்புப் பெட்டியில் வைத்து, ரயிலிலும் மெட்ரோவிலுமாகப் பாரீஸிலுள்ள சோத்பீஸ் ஏல நிறுவனத்துக்குக் கொண்டுபோனார்கள். 30 சென்டிமீட்டர் உயரம். பைன் மரங்களுக்கிடையே மான்களும் கொக்குகளும் வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். சீனப் பேரரசர் சியான்லோங் (1736–1795) காலத்து அரண்மனைப் பீங்கான் அது. வீட்டாருக்கோ அது பிடிக்கவே பிடிக்காதாம்! 5 முதல் 7 லட்சம் யூரோ வரை எதிர்பார்த்த ஜாடி, 1 கோடியே 62 லட்சம் யூரோவுக்குப் போனது.

அந்த ஜாடி முன்பு ஓர் உறவினரின் பாரீஸ் வீட்டில் இருந்தது. 1947இல் அவர் காலமான பிறகு எடுத்த சாமான் பட்டியலில் அதுவும் இடம்பெற்றிருந்தது. எழுபது வருடம் கழித்து, அது வந்த வழியைச் சொல்ல அந்தக் காகிதம் இருந்தது.

2022இல் அதே நாட்டில் இன்னொரு ஜாடி. வெளிநாட்டில் வசித்த ஒருவர், பிரித்தானியில் இருந்த தம் தாயாரின் வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு அனுப்பினார். அவற்றில் டிராகனும் மேகமும் வரைந்த நீல, வெள்ளைச் சீன ஜாடி ஒன்று. பாட்டி காலத்துச் சொத்து. விற்றவர் அதைப் பார்த்ததுகூட இல்லை. மதிப்பிட்ட நிபுணர், இருபதாம் நூற்றாண்டு நகல் என்று 1,500 முதல் 2,000 யூரோ வரை விலை குறித்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பியவர்கள் போட்டி போட்டு, ஏலம் 77 லட்சம் யூரோ வரை ஏறியது. எது சரியென்று கேட்கலாம் என்றால், பாட்டி இல்லை, தாயாரும் இல்லை.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு இந்த இரண்டாவது கதை அந்நியமானதல்ல. ஊர் வீட்டை விற்கும்போது நான்கு நாள் லீவில் போகிறோம். பித்தளையை எடைக்குப் போடுகிறோம். ஜாடியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறோம். "நம் வீட்டில் ராஜா வீட்டுச் சாமானா இருக்கிறது?" என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் பாட்டியின் ஊறுகாய் ஜாடி ரங்கூனிலிருந்து வந்ததா, பக்கத்து ஊர்ச் சந்தையிலிருந்து வந்ததா என்பது அந்தக் குடும்பத்தின் சரித்திரம். அதை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் மிச்சம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். பெரியவர்களை உட்காரவைத்து, எந்தப் பொருளை யார் வாங்கினார், எங்கே, எப்போது என்று கேட்டு எழுதுங்கள். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த மொழியிலும் ஒரு பிரதி எழுதிவையுங்கள். பொருளை விற்பதும் வைத்துக்கொள்வதும் அப்புறம் அவரவர் விருப்பம்.