வயிற்றைத் தொடாத வைத்தியம்

காணி வழக்கொன்றில் நில அளவையாளர் நேரிற் சென்று அளந்து படம் சமர்ப்பிக்கும்வரை நீதிபதி தீர்ப்பெழுதத் துணிவதில்லை. மாட்டுத் தரகன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுகின்றான். ஆனால், மாதக் கணக்காக வயிற்றோட்டத்தால் வாடி வரும் ஏழையின் வயிற்றைத் தொட்டும் பாராமல், துண்டெழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் நமது வெளிநோயாளர் பிரிவுகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய மக்களின் ஊர். 2009 ஆம் ஆண்டு உடுத்த துணியோடு பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்து, பற்றை மண்டிய வயலை மீண்டும் திருத்தியவர்கள் அவர்கள். அவ்வூர் விவசாயி ஒருவர் குத்தகை உறுதி எழுதுவதற்காக எம்மிடம் வந்தார். சாரத்தை இரட்டையாக மடித்து இடுப்பில் இறுக்கியிருந்தார். கன்னங்கள் குழி விழுந்திருந்தன. விசாரித்தோம். “ஐஞ்சு மாதமாய் வயித்தாலை போகுது, ஐயா” என்றார். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கின்றார். மூன்று தடவையும் ஜீவனிப் பொட்டலமும் குளிசையும் கிடைத்தன. “கட்டிலிலே படுக்கவைத்துப் பார்த்தார்களோ?” என்று கேட்டோம். “நான் சொல்லி முடிக்க முன்னம் துண்டு வந்திட்டுது, ஐயா.”

நான்காவது தடவை, வேறோர் ஊரில், இளம் டாக்டர் ஒருவர் அவரைப் படுக்கவைத்து அடிவயிற்றின் வலப்புறத்தை அமுக்கினார். கட்டியொன்று கையிற் தட்டுப்பட்டது. அந்தக் கையின் சாட்சியே பின்னர் நடந்த சோதனைகளுக்கெல்லாம் வழி காட்டிற்று. குடலில் காசநோய்! மருந்தால் மாறக்கூடிய நோய். மருந்தும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மருந்து. ஐந்து மாதம் அவர் உருகியது எதற்காக?

நான்கு வாரங்களைக் கடந்த வயிற்றோட்டத்தை நாட்பட்டதென வைத்திய நூல்கள் கூறுகின்றன. அது ஒரு நோயன்று. பல நோய்களின் பொதுவான முகம். எந்த நோயென உடலே ஓரளவு சாட்சி சொல்லும், கேட்பார் இருந்தால். நிறை குறைந்ததா எனத் தராசு சொல்லும். படுத்த நிலையிலும் எழுந்த நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்தால் உடல் இழந்த நீரின் கதை தெரியும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் இரத்தச் சோகை தெரியும். கழுத்துச் சுரப்பி வீங்கி, நீட்டிய விரல்கள் நடுங்கி, நாடி விரைந்தோடினால் குற்றவாளி குடலன்று, தைரொயிட் சுரப்பி. காலில் அமுக்கிய இடம் குழிந்து நின்றால் புரதம் குறைந்திருக்கலாம். நாக்குச் சிவந்து வழுவழுத்திருந்தால் உணவின் சத்து உடலிற் சேரவில்லையென ஐயுற வேண்டும். எம் முன்னோர் கிராணி என்ற வகை நோய் இது. வெள்ளையர் ஆண்ட காலத்து ஆங்கில வைத்தியம் இதற்கு ‘இலங்கை வாய்ப்புண்’ என்றே ஒரு பெயர் வைத்திருந்தது! நம் நாட்டின் பெயரையே தாங்கிய நோயைக் காண, நம் நாட்டு ஆஸ்பத்திரியில் ‘வாயைத் திறவுங்கள்’ என்று சொல்ல ஆளில்லை.

கடைசியாக, கையுறையிட்ட விரலால் ஆசனவாயைச் சோதிப்பது. சொல்லக் கூசுகின்றோமா? அங்கே மறைந்திருக்கும் இரத்தமும் வளர்ச்சியும் நமது கூச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. திரையும், நோயாளியின் சம்மதமும், பெண்ணாயின் உடன் நிற்க ஒரு தாதியும் இருந்தால் இதில் அவமானம் ஏதுமில்லை.

‘நீண்ட வரிசை நிற்கின்றது, நேரமேது?’ என்பர். அந்த விவசாயிக்கு மும்முறை மும்மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். ஒன்பதையும் ஒருங்கே கொடுத்திருந்தால் முதல் நாளே கட்டி அகப்பட்டிருக்கலாம். ‘இப்போது ஸ்கான் இருக்கின்றதே’ என்பர். எதை, எங்கே தேடுவதென்று கை சொல்லாவிடில் யந்திரம் யாரைக் கேட்கும்? தவிரவும், ஸ்கானுக்கு நாட்குறித்துக் காத்திருக்கும் ஏழையின் கூலிநாள்களை யார் கணக்கில் வைத்தனர்? டாக்டர்களைப் பழிப்பது எம் நோக்கமன்று. கட்டிலும் திரையுமற்ற அறையில் அவர்களை இருத்தி, வரிசையை மட்டும் நீளவிட்ட நிருவாகமே முதலாம் எதிரி.

மொழியும் இதில் உண்டு. ‘மூச்சை இழுங்கள், இங்கே நோகுதோ, இரவில் எழுப்புதோ’ என்ற கேள்விகள் நோயாளிக்கு விளங்காவிடில் கை பாதிக் குருடு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் தாமே தமிழ் கற்று, தமிழிலே வைத்தியம் போதித்து, நூல்களையும் தமிழாக்கினார். 1988 இன் 16 ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கிற்று. சட்டப் புத்தகத்தில் இருக்கும் தமிழ் நோயாளியின் கட்டிலருகே எப்போது வரும்?

எமது கோரிக்கை பெரிதன்று. ஒவ்வொரு வெளிநோயாளர் பிரிவிலும் ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு தராசு. நான்கு வாரம் கடந்த வயிற்றோட்டத்தோடு வருவோரைப் படுக்கவைத்துப் பார்த்து, நிறையையும் கண்டவற்றையும் பதிந்து வைக்கும் ஒழுங்கு. தமிழறியாத டாக்டரருகே தமிழறிந்த ஒருவர். இதனை மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு மனுவாக எழுதியிருக்கின்றோம். வட்டக்கச்சியில் வீடு வீடாகக் கையொப்பம் சேர்கின்றது. முதற் கையொப்பம் அந்த விவசாயியுடையது.