சுவர் விழுந்து செத்தவர்கள் மழையால் சாகவில்லை

வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்று ஒவ்வொரு மழைக்கும் யாராவது எழுதிவிடுகிறார்கள். எழுதுகிறவர்களின் வீடு மேட்டில் இருக்கிறது. எங்கள் அமிர்திப் பக்கம், ஜவ்வாது மலையில் மழை பிடித்தால் நாகநதியில் தண்ணி எறங்கும். அது எந்தத் தெருவுக்குள் மொதல்ல நுழையும் என்பது தண்ணி எடுத்த முடிவல்ல. மேட்டை ஊருக்கும் பள்ளத்தைச் சேரிக்கும் பிரித்தவர்கள் எடுத்த முடிவு.

மூன்று சுவர்களைச் சொல்கிறேன், தோழர்களே.

2015 சனவரி 31. ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைச் சேறு மூடியது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். பங்களாக்காரர் எழுப்பிய 20 அடி கருங்கல் சுவர் விடியுமுன் அருந்ததியர் வீடுகள்மேல் சாய்ந்து 17 பேர் செத்தார்கள். சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் அந்த மக்கள். அப்போது வராத அரசு, பிணத்தை வாங்க மறுத்து நியாயம் கேட்டபோது தடியோடு வந்தது. நாகை திருவள்ளுவன் உள்ளிட்ட தோழர்கள் சிறைக்குப் போனார்கள்.

2021 நவம்பர் 19. பேர்ணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் செத்தார்கள். ஏழை இசுலாமியக் குடும்பங்கள். பாலாறு கரை தொட்டு ஓடிய நேரம் அது. அதிகாரிகளின் கண்ணெல்லாம் ஆற்றின் மேல். தெருவுக்குள் ஊறிக் கிடந்த சுவரைத் தட்டிப் பார்க்க எந்தத் துறைக்கும் உத்தரவில்லை.

'யாரும் எதிர்பாராத வெள்ளம்' என்பது இவர்களுடைய வழக்கமான பாட்டு. 1903இல் இதே பாலாறு வாணியம்பாடியை அடித்துப்போனதற்கு நினைவுத்தூண் நிற்கிறது. எதிர்பார்க்க மனசில்லை என்று சொல்லட்டும்.

மழைக்காலம் வந்தால் மாவட்ட நிர்வாகம் 'தாழ்வான பகுதி'கள் என்று பட்டியல் போடுகிறது. வருசா வருசம் அதே தெருக்கள். ஆபத்து என்று அரசுக்கே தெரிந்த இடத்தில் மக்களை விட்டுவைத்துவிட்டு, வெள்ளம் வந்ததும் பள்ளிக்கூடத்தில் அடைத்துச் சோத்துப் பொட்டலம் கொடுப்பதற்குப் பெயர் தயார்நிலையாம்! மேட்டில் மனை கேட்டா இடமில்லங்கறான். இருக்கிற எடத்துக்குப் பட்டா கேட்டா புறம்போக்குங்கறான்.

நிவாரணமும் இப்படித்தான். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது ஊரறிந்தது. அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, மதம், பால் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பாகுபாடு செய்ய அதிகாரி வாய் திறக்க வேண்டியதில்லை, படிவமே செய்துவிடுகிறது. பயிர் போனவனுக்கு உண்டு, படகு போனவனுக்கு உண்டு. கூலி போனவனுக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது? மழையில் தோல் காயவில்லை என்று தொழிற்சாலைக்காரர் வேலையை நிறுத்தினால், ஆம்பூர் பக்கத்துச் சேரியில் அடுப்பு எரியாது. அந்தப் பசி எந்தக் கணக்கிலும் பேரிடர் இல்லை.

செத்தால் மட்டும் தொகை உண்டு. நடூரில் முதலில் 4 லட்சம், போராடிய பிறகு 10 லட்சம். உயிரோடு இருக்கும்போது ஒரு காங்கிரீட் வீட்டுக்கும் மேட்டில் ரெண்டு சென்ட் நிலத்துக்கும் இல்லாத பணம், பாடைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

நாம் கேட்க வேண்டியது கருணைத் தொகை அல்ல. மழைக்கு முன்பே சேரியை ஒட்டிய சுவர்களை, கழிவுத் தொட்டிகளை, ஏரிக்கரைகளைச் சோதித்து அறிக்கையை ஊர்ப் பலகையில் ஒட்டு. தாழ்வான பகுதி என்று நீயே எழுதிய தெருவுக்கு மேட்டில் பட்டா கொடு. பஞ்சமி நிலத்தை மீட்டுத் தந்தாலே பாதிப் பேர் பள்ளத்தை விட்டு ஏறிவிடுவோம். இழந்த கூலிக்கும் நிவாரணம் கொடு. முறையீட்டைக் கிடப்பில் போட்ட அதிகாரியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்று.

மாணவத் தோழர்கள் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டாம். அவரவர் சேரியில் சாயக் காத்திருக்கும் சுவரைப் படம் எடுத்து, மனு எழுதி, தேதியோடு ரசீது வாங்கி வையுங்கள். நாளைக்கு 'எங்களுக்குத் தெரியாது' என்று எவனும் சொல்லக் கூடாது.