பணம் தீர்வது ஊழியருக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டுமா?

2022 டிசம்பர் 1ஆம் தேதி முதல் விமானத்தைப் பறக்கவிட்ட மைஏர்லைன், 2023 அக்டோபர் 12ஆம் தேதி திடீரெனச் சேவையை நிறுத்தியது. பயணிகளின் டிக்கெட் பணத்தோடு ஊழியர்களின் சம்பளமும் சிக்கிக்கொண்டது.

ஜோர்ஜ்டவுன், பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் புதிய நிறுவனங்களில் சேரும் நம் இளைஞர்களுக்கு இது பாடம். முதலீட்டாளர் பணத்தில் ஓடும் நிறுவனம், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் ஊழியரிடம் சொல்வதில்லை. ஆட்குறைப்புக்கு 30 நாளுக்கு முன் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால், பணம் தீர்ந்த பின் வரும் அறிவிப்பு சம்பளத்தைக் கொண்டுவராது. தோட்டத் துண்டாடல் காலத்திலும் தோட்டம் கைமாறிய செய்தி பல தொழிலாளர்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

ஊழியர் தாமே பார்க்கக்கூடியது இபிஎஃப் கணக்கு. ஒவ்வொரு மாதச் சந்தாவையும் முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். அதன் பிறகும் ஐ-அக்காவுனில் பணம் ஏறவில்லை என்றால் உடனே காரணம் கேட்க வேண்டும். வேலை போனால் 60 நாளுக்குள் பெர்கேசோவின் வேலை காப்புறுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நெருக்கடியை முன்கூட்டியே சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று முதலாளிகள் அஞ்சலாம். ஆனால், வீட்டு வாடகையும் கார் தவணையும் கட்டும் ஊழியருக்கு அந்த இரண்டு மாத அவகாசம்தான் பாதுகாப்பு.