மாத்திரைக்கும் தணிக்கை வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைச் சென்ற ஆண்டு பார்வையிடுகையில், எழுபது வயதான அங்கத்தினர் ஒருவர் தறியை நிறுத்திவிட்டதாகப் பதிவேட்டில் கண்டேன். காரணம் வினவினேன். “கை நடுங்குகிறது ஐயா, அறுந்த இழையை முடிய முடியவில்லை. உடம்பும் இளைத்துவிட்டது. வயதாகிவிட்டதல்லவா?” என்றார்.

வயதுதானா? இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதற்காக ஆறாண்டுகளாக அவர் அமியோடரோன் மாத்திரை உண்டுவந்தார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் மகன், பழைய சீட்டைக் காட்டியே மாதந்தோறும் வாங்கி அனுப்புவார். இடையில் ஒரு முறையேனும் இரத்தப் பரிசோதனை நடந்ததில்லை.

அம்மாத்திரை 200 மில்லிகிராமில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் அடங்கியுள்ளது. அதில் உடலிற் பிரிந்து கலப்பது ஆறு மில்லிகிராம் அளவே எனினும், அது நம் அன்றாடத் தேவையைப்போல் நாற்பது மடங்கு. இதனால் தைராய்டுச் சுரப்பி மிகையாகவும் சுரக்கலாம்; சுரப்புக் குன்றவும் செய்யலாம். மிகையானால் இளைப்பும் கைநடுக்கமும் தோன்றும்; குன்றினால் சோர்வும் மலச்சிக்கலும் வரும். நுரையீரலும் கல்லீரலும் கெடுவதுண்டு. வறட்டிருமல் கண்டால் நெசவாளர் பஞ்சுத் தூசியைப் பழிப்பார். வெயிலில் தோல் எரிந்தால் விவசாயி சித்திரை மாதத்தைப் பழிப்பார். மாத்திரையை ஐயுறுவோர் யார்?

டிஜாக்சினும் இத்தகையதே. சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து அது. முதுமையில் சிறுநீரகம் தளர, பழைய அளவே நஞ்சாகலாம். உணவு வெறுத்தலும் குமட்டலும் அதன் முன்னறிகுறிகள். துடிப்பு அடங்கினாற் போதும் என்பதும் முழு உண்மையன்று. மாரடைப்பு வந்தவர்களின் தாறுமாறான துடிப்பை அடக்கிய இரு மருந்துகள் சாவை மிகுவித்தன என்று 1989-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

ஆயினும், நான் கூட்டுறவு ஆய்வாளனேயன்றி மருத்துவனல்லேன். இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடலாகாது. துடிப்பு ஒழுங்கற்ற இதயத்தில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. “இஃது எனக்கு இன்னும் வேண்டுமா? இந்த அளவே வேண்டுமா?” என்று கேட்பது நம் பொறுப்பு.

இதில் சங்கங்களுக்கும் பங்குண்டு. 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களுள் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே திறந்தன. பழைய சீட்டுக்கு மருந்து தருவோர் இனி நம்மவர்களாகவும் இருக்கலாம். ஓராண்டு கடந்த சீட்டைக் கண்டால், “மருத்துவரிடம் காட்டி வாருங்கள்” என்று விற்பனையாளர் சொல்ல வேண்டும். அமியோடரோன் உண்பவர் ஆறு திங்களுக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டாரா என்றும் வினவ வேண்டும். சங்கக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். உயிர்க்கணக்கைத் தணிக்கை செய்யத் தயங்குவானேன்? பக்கவிளைவு கண்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் எவரும் தெரிவிக்கலாம்.

திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சென்றுவர ஒருநாட் கூலி போகிறதே என்பர் சிலர். உண்மைதான். அந்நெசவாளருக்கு எத்தனை மாதக் கூலி போயிற்று என்பதையும் அவர்கள் கணக்கிடட்டும்.

அவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரந்தது பரிசோதனையில் தெரிந்தது. மருத்துவர் மாத்திரையை மாற்றினார். எனினும் அமியோடரோன் உடற்கொழுப்பில் தங்கி, கரைய மாதங்கள் ஆகும் மருந்து. சென்ற வாரம் அவரைக் கண்டேன். நடுக்கம் சற்றே தணிந்திருந்தது. பாவு இன்னும் ஏற்றவில்லை.